கராஜில் பேய் வீடு கட்டலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஆகஸ்டில்தான் நியூஜெர்சிக்கு வந்து இறங்கியிருக்கிறீர்கள். அக்டோபர் 31இல் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய்ச் சாக்லேட் வாங்கும் ஹாலோவீன் வருகிறது. அக்டோபர் பிறந்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு எலும்புக்கூடு தொங்குகிறது. கூடப் படிக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நம் கராஜிலேயே, உள்ளே நடந்து போகிறவர்களைப் பயமுறுத்தும் பேய் வீடு கட்டலாம் என்று மகள் அடம்பிடிக்கிறாள். ஊரில் இருக்கும் அம்மாவோ, தீபாவளி வரும் நேரத்தில் வீட்டுக்குள் பேயைக் கூப்பிடுவார்களா என்கிறார். என்ன செய்ய என்று கேட்டிருந்தீர்கள்.

கட்டுங்கள். நாங்கள் கட்டிய கதையைச் சொல்கிறேன், சறுக்கிய இடங்களையும் சேர்த்து.

முதலில் அம்மாவுக்குப் பதில். எனக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி, குறவன், குரங்கு என்று வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே அது முத்தாரம்மனுக்கு நேர்ச்சை, இங்கே வெறும் சாக்லேட். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேஷம் போட்டவர் வாசலுக்கு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தானே. அப்புறம் ஹாலோவீனுக்கு முகம் செதுக்கி வாசலில் வைக்கும் அந்தப் பூசணி. அயர்லாந்துக்காரர்கள் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், இங்கே வந்ததும் பூசணிக்கு மாறினார்கள். பூசணியில் கோர முகம் வரைந்து வாசலில் வைப்பது நமக்கென்ன புதுசா? திருஷ்டிப் பூசணி என்று சொல்லிப் பாருங்கள். என் மாமியார் அந்த ஒரு வார்த்தையில் சமாதானமானார்.

நாங்கள் முதன்முதலில் கட்டியது 2012இல், எடிசனில். நான்கு குடும்பம், ஏழு பிள்ளைகள், எங்கள் வீட்டு இரட்டைக் கார் கராஜ். ஹார்டுவேர் கடையில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் ஒரு ரோல் வாங்கினோம். அதைச் சுவராகத் தொங்கவிட்டு வளைந்து வளைந்து போகும் சந்து ஒன்று அமைப்பது திட்டம். டேப் போட்டு ஒட்டிவிட்டுத் தூங்கப் போனோம். காலையில் பார்த்தால் மொத்தமும் தரையில் கிடக்கிறது. அக்டோபர் குளிரில் கராஜ் சுவரில் டேப் நிற்காது, தம்பி. கடைசியில் என் கணவர் மொட்டைமாடியில் கட்டுவதுபோல் குறுக்கே கொடி கட்டி, துணி கிளிப் போட்டு மாட்டினார். அது அசையவே இல்லை.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். தன்னார்வத் தீயணைப்புப் படையில் பல வருடம் இருந்தவர். நாங்கள் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டு வந்தார், உள்ளே ஒரு சுற்று நடந்தார். ‘நன்றாக இருக்கிறது, இதிலிருந்து வெளியே போக இன்னொரு வழி எங்கே?’ என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அப்போதுதான் 1984 மே மாதம் இதே மாநிலத்தில், ஜாக்சன் என்ற ஊரில் உள்ள கேளிக்கைப் பூங்காவின் பேய்க் கோட்டையில் தீப்பிடித்ததைச் சொன்னார். சுவரில் பதித்திருந்த நுரைமெத்தையில் தீப்பற்றிப் பரவியிருக்கிறது. தண்ணீர் தெளிக்கும் அமைப்பு அங்கே இல்லை. 8 பேர் இறந்தார்கள், எல்லாருமே பதின்வயதுப் பிள்ளைகள். அன்றைக்கே பக்கக் கதவை மறைத்திருந்த ஷீட்டை எடுத்துவிட்டோம், மெழுகுவத்தி எல்லாம் பெட்டிக்குள் போனது. பேட்டரி விளக்கு மட்டும்தான். நீங்களும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிரை ஐஸ் வைத்துப் புகை கிளப்பும் ஆசையும் வேண்டாம். அதிலிருந்து வருவது கரியமில வாயு, காற்றைவிடக் கனமானது. மூடிய கராஜில் அது தரையோடு தங்கும், குட்டிப் பிள்ளைகளின் மூக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கும். புகை மெஷின் பரவாயில்லை, ஆனால் வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்தி வையுங்கள். நாங்கள் மறந்துபோய், ஹாலில் இருந்த அலாரம் அலறியது. வரிசையில் நின்ற பிள்ளைகள் அதுவும் ஷோவில் சேர்த்தி என்று கைதட்டினார்கள்.

எல்லாம் தயாரான பிறகு, 29ஆம் தேதி ராத்திரி சாண்டி புயல் கரையேறியது. தெரு முழுக்க மரம் விழுந்து, கரண்ட் போய்விட்டது. பேய் வீட்டுக்கு வாங்கிய ஷீட்டில் பாதி, அடுத்த தெருவில் ஒரு வீட்டின் உடைந்த ஜன்னலை மூடப் போனது. ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி ஹாலோவீனையே நவம்பர் 5க்குத் தள்ளிவைத்து உத்தரவு போட்டார். பண்டிகையைத் தள்ளிவைக்க ஆளுநரால் முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்! பெட்ரோல் போட ஒற்றைப்படை எண் வண்டிக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு ஒரு நாள் என்று நின்றுகொண்டிருந்த வாரம் அது. எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வந்தது, திங்கட்கிழமை பேய் வீடு திறந்தோம்.

பயமுறுத்தும் கலையில் நாங்கள் சுத்த சுமார். கடையில் வாங்கிய எலும்புக்கூட்டைப் பிள்ளைகள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். எடுபட்டது, கண்ணை மூடிக் கைவிட்டுப் பார்க்கும் பெட்டிதான். இங்குள்ளவர்கள் கண்விழி என்று உரித்த திராட்சையை வைப்பார்கள். மாமியார் ஜவ்வரிசியை வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். அதில் கைவிட்ட ஒரு பெண் போட்ட அலறல் தெருமுனை வரை கேட்டது.

அவரே இன்னொரு யோசனையும் சொன்னார். இந்த ரத்தம், கோடாலி எல்லாம் எதற்கு, மல்லிகைப்பூ வாசனையும் கொலுசுச் சத்தமும் போதாதா? சரி என்று கடைசி வளைவில் விளக்கை அணைத்து, மல்லிகை சென்ட் தெளித்து, ஷீட்டுக்குப் பின்னால் தோழி ஒருத்தி வெள்ளைப் புடவையில் கொலுசோடு மெதுவாக நடந்தாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆறு வயதுப் பையன் ஒருவன், ‘யாரோ டான்ஸ் ஆன்ட்டி’ என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் அப்பா மதுரைக்காரர். வளைவு வரை வந்தார், ஜல் என்று ஒரு சத்தம். போன் வருகிறது என்று சொல்லித் திரும்பி நடந்தவர் வாசலில்தான் நின்றார். அன்று அப்படி நான்கு அப்பாக்களுக்குப் போன் வந்தது.

மற்றபடி சின்ன விஷயங்கள்தான். வாசல் விளக்கு எரிந்தால்தான் பிள்ளைகள் கதவைத் தட்டுவார்கள். சில வாசல்களில் நீலப்பச்சைப் பூசணி இருக்கும், உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குப் பென்சில், ஸ்டிக்கர் மாதிரி தருகிறார்கள் என்று அர்த்தம். நீங்களும் கொஞ்சம் வாங்கி வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் விளக்கைப் போட்டே உள்ளே அனுப்புங்கள். குடைந்த பூசணியை முன்கூட்டியே வெளியே வைத்தால் அணில் தின்றுவிடும்.

தீபாவளியோடு மோதுமே என்ற கவலையும் வேண்டாம். 2024இல் இரண்டும் ஒரே நாள், அக்டோபர் 31. பட்டுப்பாவாடைக்கு மேல் சூனியக்காரித் தொப்பியோடு வந்த பிள்ளைகள், முறுக்கையும் அதே பையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

கொடிக் கயிறும் துணி கிளிப்பும் இன்னும் எங்கள் கராஜில்தான் கிடக்கின்றன. கொலுசும் இருக்கிறது. சனிக்கிழமை வந்து எடுத்துப் போங்கள்.