பெட்டியில் 1940, உள்ளே இருப்பது மார்க் 9

நண்பரே, 1940 பிரிட்டன் வான்போர் ஸ்பிட்ஃபயர் (பிரிட்டிஷ் போர்விமானம்) என்று வாங்கிய மாடலில் நான்கு அலகு (சுழலும் தகடு) கொண்ட புரொப்பல்லர் இருக்கிறது, அன்றைய மார்க் 1 வகையாக மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம் என்பேன். உங்கள் கையில் இருப்பது அதற்குப் பின் வந்த வகையான நல்ல மார்க் 9.

விமானத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். மார்க் 1-இல் வலது இறக்கையின் கீழ் மட்டும்தான் பெட்டி போன்ற ரேடியேட்டர். இடப்பக்கம் சின்ன உருளையாக ஆயில் கூலர். உங்கள் படத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டி. 1941-இல் வந்த ஜெர்மானிய ஃபோக்கவுல்ஃப் 190, அப்போதிருந்த மார்க் 5-ஐத் திணறடித்தது. பதிலுக்கு இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) கொண்ட மெர்லின் 60 வரிசை எஞ்சினைப் பொருத்தினார்கள். அழுத்தத்தில் சூடேறும் காற்றைக் குளிர்விக்கவும் தனி ரேடியேட்டர் தேவைப்பட்டது. இடப்பக்கப் பெட்டி பெருத்ததும், மூக்கு நீண்டதும், நான்காவது அலகு வந்ததும் இதனால்தான். எவ்வளவு அழகான பொறியியல்!

புகைக்குழாயையும் எண்ணுங்கள்: மார்க் 1-இல் பக்கத்துக்கு மூன்று, இதில் ஆறு. மூக்கை வெட்டி, இறக்கையின் அடிப்பக்கத்தையும் திருத்துவதற்குப் பதில் தனி மார்க் 1 கிட்டே வாங்கிவிடலாம். கிரிஃபன் என்ற வேறு எஞ்சின் கொண்ட மார்க் 14-ஓ என்ற சந்தேகமும் வேண்டாம். அதற்கு ஐந்து அலகு, சுற்றுவதும் எதிர்த்திசையில்.

அப்புறம், பச்சை–பழுப்பு அடிக்காதீர்கள். 1941 ஆகஸ்டிலேயே பழுப்பு போய்ச் சாம்பல் வந்துவிட்டது. பச்சை–சாம்பல் அடித்தால் 1942-க்குச் சரியாக இருக்கும்.