உர வாளி நாறுதுன்னா காத்து போகலைன்னு அர்த்தம்

தம்பி, ஆயர் ஈத்தாம் பிளாட்டுல சமையல் கழிவை வாளியில உரமாக்கப் பார்த்து, அழுகின முட்டை நாத்தம், புழு, பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட ஏச்சுன்னு எழுதியிருக்கீங்க. விட்டுடாதீங்க. ஆய்வுக்கூடத்துல எனக்குத் தினமும் இதுதான் வேலை. என் முதல் வாளியும் இப்படித்தான் நாறுச்சு.

அழுகின முட்டை வாடைன்னா ஹைட்ரஜன் சல்பைடு. ஈரம் மிஞ்சி, காத்து இல்லாம நொதிக்குது. மூக்கைக் குத்துற அமோனியா வாடைன்னா கதை வேற, நைட்ரஜன் அதிகம். சோறும் குழம்பும் மட்டும் கொட்டினா ரெண்டுமே வரும். கார்பன் 25லிருந்து 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு இருக்கணும். அதுக்குக் கார்பன் நிறைய இருக்குற காய்ஞ்ச இலை, கிழிச்ச முட்டை அட்டை போடுங்க. தச்சுப் பட்டறை மரத்தூளும் ஆகும், பிளைவுட் தூள் மட்டும் வேணாம், அதுல பசை இருக்கும்.

ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிங்க. ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி. ஒழுகினா இன்னும் காய்ஞ்சது கலந்து, காத்தோட்டமான இடத்துல வச்சுக் கிளறுங்க. வாளி அடியிலயும் பக்கத்திலயும் ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு வைங்க.

புழு தட்டையா, சாம்பல் பழுப்பா, வரிவரியா இருந்தா அநேகமா கறுப்புப் படைவீரன் ஈயோட புழு. கழிவை நல்லா தின்னும், இருக்கட்டும். வெள்ளையா, ஒரு முனை கூரா இருந்தா வீட்டு ஈ. மேல ரெண்டு அங்குலம் மரத்தூள் மூடுங்க.

மீன் தலையையும் எண்ணெய்க் குழம்பையும் இப்போதைக்குப் போடாதீங்க. ஆன்ட்டிக்கு முதல் உரத்துல ஒரு பை கொடுங்க, கறிவேப்பிலைச் செடி வச்சிருப்பாங்க.