வெக்கத்தை விடு, விசாவைப் பாரு

"அண்ணாச்சி, படிப்பு விசாவுல லண்டன் வந்து மூணு வாரம் ஆச்சு. ஓவிய வகுப்புல துணியில்லாம மாடலா நிக்க ஆள் தேடுதாவ. வெக்கமா இருக்கு, போகலாமா? எவ்வளவு தேறும்? வீட்டுக்கு என்ன சொல்ல?"ன்னு கேட்ட தென்காசித் தம்பிக்கு.

சீசன்ல ஐந்தருவியில ஈரத்துண்டோட அத்தனை பேர் முன்னால நின்னவன்தானே நீ? வரையுதவியளுக்குத் தோள் எங்க முடியுது, பாரம் எந்தக் கால்ல இறங்குதுன்னு பாக்கவே நேரம் பத்தாது. துட்டு இடத்துக்கு இடம் மாறும். வீட்டுக்கு என்ன சொல்லணும்ங்கது உன் பாடு.

நான் பயப்படுதது விசாவுக்குத்தான். பட்டப் படிப்புன்னா பாடம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரந்தான் வேலைன்னு எல்லாருக்கும் தெரியும். சுயதொழில் கூடவே கூடாதுங்கது பாதிப் பேருக்குத் தெரியாது. சின்ன வகுப்பு நடத்துதவிய பில் எழுதிக் குடுன்னு கேப்பாவ. எழுதுனா நீ சுயதொழில்காரன், விசா விதியை மீறியாச்சு. சம்பளப் பட்டியல்ல சேத்துக்கிடுவாவளான்னு கேட்டுட்டு அப்புறம் சட்டையைக் கழட்டு. "ரொக்கம்தானே, யாருக்குத் தெரியப்போவுது"ன்னு நம்மாளுவளே சொல்லுவாவ. இருபது வருசமா இதே புத்திதான் அவியளுக்கு. நீ மாட்டுனா ஒருத்தனும் போனை எடுக்க மாட்டான்.

அப்புறம், நிக்கத் தெரியணும். நான் 2005-ல ஒரு கல்லூரியில சம்பளத்துக்கு நின்னேன். முதல்ல ரெண்டு நிமிசம், அஞ்சு நிமிசம்னு சின்னச் சின்ன நிலை. சுளுவா இருந்துச்சு. அடுத்தது நாப்பது நிமிசம்னாவ. கிருஷ்ணாபுரம் கோயில்ல குறவன் ராஜகுமாரியைத் தூக்கிட்டு நிக்கானே, அந்த நெனப்புல கையைத் தூக்கி, முட்டியை விறைச்சு நின்னேன். அவன் கல்லு, நான் கல்லா? பத்தே நிமிசத்துல கை மரத்துப்போச்சு, கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. வாத்தியார் பிடிச்சு உக்காரவச்சார். ஒரு கிழவி கரி அப்புன கையோட டீயில சீனியை அள்ளிப் போட்டுக் குடுத்தா. திரும்பி வந்து அதே இடத்துல நிக்கணும்னு தரையில என் பாதத்தைச் சுத்தி டேப் ஒட்டி வச்சிருந்தாவ. முட்டியை லேசா தளத்தி, கையைத் தலைக்கு மேல தூக்காம நிக்கணும்னு அன்னைக்குத்தான் படிச்சேன். சூடாக்கி பக்கத்துல இருக்கணும், மேல போட ஒரு அங்கி நீயே கொண்டுபோ. எவனாவது போட்டோ எடுத்தா அந்த நிமிசமே இறங்கிடு.

ஒரு பையன் என் முதுகை வரைஞ்சு எனக்கே குடுத்தான். பீரோ மேல சுருட்டிக் கிடந்ததை எங்க வீட்டுக்காரி போன மாசம் விரிச்சுப் பாத்துட்டு, "யாரு, மாமாவா?"ன்னா. வாழைத்தார் சுமந்து சுமந்து எங்க அப்பாவுக்கும் தோள் ஒரு பக்கம் சரிஞ்சுதான் இருக்கும்.