மெஷ் மென்பொருள் வாங்குமுன் உங்கள் ஸ்லாப்பையே கொடுத்துப் பாருங்கள்

கேள்வி: பட்டர்வொர்த்தில் மூன்று பேர் கொண்ட கட்டமைப்புப் பொறியியல் அலுவலகம் எங்களுடையது. பிளாட் ஸ்லாப் (பீம் இல்லாமல் நேரே தூண்களில் நிற்கும் கான்கிரீட் தளம்) வடிவமைக்க மென்பொருள் வாங்கப் போகிறோம். "மெஷ் தானாக வந்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: மெஷ் என்பது கணக்கிடுவதற்காக ஸ்லாப்பைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் வலை. அது தானாக வருகிறது என்பதற்காக வாங்காதீர்கள். அது பெரும்பாலான மென்பொருளில் இருக்கிறது. ஸ்லாப்பை நீங்கள் நினைத்தபடி பகுதிகளாகப் பிரிக்க முடிகிறதா, தூணை நகர்த்திய பிறகும் அந்தப் பகுதிகள் குலையாமல் நிற்கின்றனவா என்பதைப் பாருங்கள்.

அவர்கள் கொண்டுவரும் மாதிரி வேண்டாம். 24 × 16 மீட்டர் ஸ்லாப், 250 மி.மீ. தடிமன், 8 மீட்டருக்கு ஒரு தூண், லிஃப்டுக்கு 2.5 × 2 மீட்டர் திறப்பு என்று கொடுங்கள். தூணைச் சுற்றி 125 மி.மீ., அதை அடுத்து 250, மற்ற இடங்களில் 500 அளவுள்ள கூறுகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முழுவதையும் 125-இல் போட்டால் சுமார் 24,000 கூறுகள் வரும். 500-இல் சுமார் 1,500. மலிவான உரிமத்தில் கணு (கூறுகள் சந்திக்கும் புள்ளி) எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால் இங்கேதான் இடிக்கும்.

இப்போது சுய எடையை மட்டும் ஏற்றுங்கள். கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன் என்றால் தூண்களின் எதிர்விசைக் (அவை மேல்நோக்கித் தாங்கும் விசை) கூட்டுத்தொகை 2,368.75 கிலோநியூட்டன் வர வேண்டும். இரண்டு பகுதிகள் 16 மீட்டர் நீளத்துக்கு அரை மீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் 50 கூடுதலாகக் காட்டும்.

இன்னொரு பிழை இந்தக் கூட்டலில் சிக்காது. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். பக்கத்துப் பகுதிகள் ஒட்டியிருப்பதுபோல் தெரியும், ஆனால் எல்லையில் கணுக்கள் பொதுவாக இருக்காது. எடை முழுவதும் தூணுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், கூட்டுத்தொகையும் சரியாக வரும். வளைந்த வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் ஸ்லாப் கத்தியால் கீறியதுபோல் அந்தக் கோட்டில் பிளந்திருப்பது தெரியும். அங்கே வளைதிருப்பம் (ஸ்லாப்பை வளைக்கும் திருப்பம்) கடக்காததால் கம்பியும் மிகக் குறைவாக வரும்.

அடுத்து 6 மீட்டர் செங்கல் சுவர், மீட்டருக்கு 10 கிலோநியூட்டன். கூட்டுத்தொகை 2,428.75 ஆகும். ஒரு தூணை 300 மி.மீ. நகர்த்தி மறுபடி மெஷ் போடுங்கள். சுமை கோட்டோடோ பகுதியோடோ கட்டப்பட்டிருந்தால் கூட்டுத்தொகை மாறாது. கூறுகளின் வரிசை எண்ணோடு கட்டப்பட்டிருந்தால் அந்த எண்கள் மாறியதும் சுவர் வேறெங்கோ போய்விடும் அல்லது காணாமலே போகும். அப்படியானால் அந்த மென்பொருளை விட்டுவிடுங்கள்.

தூணைப் புள்ளித் தாங்கியாக (அகலமே இல்லாத ஒரு புள்ளியாக) வைத்தால், மெஷ் நுண்மையாக ஆக அதன் தலையில் வளைதிருப்பத்தின் உச்ச மதிப்பு ஏறிக்கொண்டே போகும். அதை வைத்து இரண்டு மென்பொருள்களை ஒப்பிடக் கூடாது. தூணின் முகத்தில், அதாவது அதன் வெளி விளிம்பில் உள்ள மதிப்பைப் படியுங்கள்.

தொழிலுக்கான மென்பொருள் என்பதால் மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது. அதனால் கணு வரம்பு, எத்தனை கணினி, சந்தா முடிந்தபின் பழைய கோப்புகள் திறக்குமா, கான்கிரீட் வடிவமைப்புத் தரமான எம்.எஸ். இ.என். 1992-1-1 மலேசிய இணைப்போடு உண்டா என்பதையெல்லாம் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள்.