காரைக்கால் விலையா, ராமநாதபுரம் சர்வீஸா?

கேள்வி: பாம்பனில் மீன் ஏலம் எடுத்து ராமநாதபுரம், பரமக்குடி கடைகளுக்குப் போடுகிறேன். சரக்குக்குப் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கிறது. வசூலுக்குப் போகவும், குடும்பத்தோடு வெளியே போய்வரவும் 350 சிசி வகையில் ஒரு பைக் வாங்க நினைக்கிறேன். ஷோரூம் விலை 2 லட்சத்தை ஒட்டி வருகிறது. காரைக்காலில் இருக்கும் சித்தப்பா, "என் முகவரியில் எடுத்துக்கொள், ரோடு டாக்ஸில் நல்ல மிச்சம்" என்கிறார். மலேசியாவில் இருக்கும் மச்சானோ தன் பைக்கையே கப்பலில் அனுப்பவா என்று கேட்கிறார். கையில் 90,000 ரூபாய் இருக்கிறது, மீதிக்குக் கடன்தான். வெளியூரில் வாங்கினால் வாரண்டி, ஃப்ரீ சர்வீஸ் இங்கே கிடைக்குமா? எது லாபம்?

பதில்: மச்சான் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வெளிநாட்டில் ஓடிய வண்டியை இந்தியாவுக்குள் கொண்டுவர வேண்டுமானால், அது தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறக்க வேண்டும். சுங்க வரி, அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று சேர்த்தால் வண்டியின் விலையைவிட வரி அதிகமாகிவிடும். இத்தனையும் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தாலும், மலேசிய டீலர் கொடுத்த வாரண்டி இங்கே செல்லாது. மச்சானிடம் அன்பாகச் சொல்லி, அங்கேயே விற்றுவிடச் சொல்லுங்கள்.

சித்தப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் சாலை வரி நம்மைவிடக் குறைவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, ஒரு லட்சம் வரை விலையுள்ள புது பைக்குக்கு 10 சதவீதமும் அதற்கு மேல் 12 சதவீதமும் ஆயுள் வரி. உங்கள் 2 லட்ச ரூபாய் வண்டிக்கு 24,000 ரூபாய். அந்தத் தொகையைப் பார்த்தால் யாருக்கும் காரைக்கால் ஞாபகம் வரத்தான் செய்யும்.

ஆனால் வண்டி எங்கே நிற்கிறதோ, உரிமையாளர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். உங்கள் வீடும் தொழிலும் பாம்பனில். சித்தப்பா முகவரியைக் கொடுப்பது பொய்த் தகவல் கொடுப்பதுதான், அதைச் செய்யச் சொல்லி நான் யாருக்கும் எழுத மாட்டேன். அதோடு, வேறு மாநிலப் பதிவுள்ள வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும். அதற்குக் காரைக்கால் ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியும் சம்மதக் கடிதம் தர வேண்டும். பிறகு ராமநாதபுரத்தில் வண்டியின் வயதுக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு ஆயுள் வரியைத் திரும்பக் கட்ட வேண்டும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற ஊருக்கு இந்தக் காகிதங்களுக்காக நடையாய் நடந்தால் ஏல நேரம் போகும், அன்றைய வருமானமும் போகும். மிச்சம் என்று நினைத்தது அங்கேயே கரைந்துவிடும்.

காரைக்கால் டீலர் வண்டி விலையிலேயே தள்ளுபடி தருகிறார் என்றால் அது வேறு கதை. தற்காலிகப் பதிவில் எடுத்து வந்து, இங்கே வரி கட்டி டிஎன் 65 நம்பர் வாங்கிக்கொள்ளலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் ஜிஎஸ்டி நாடு முழுக்க ஒன்றுதான் என்பதால் ஷோரூம் விலை ஊருக்கு ஊர் பெரிதாக மாறாது. வித்தியாசம் வருவது டீலரின் சலுகையிலும், தலையில் கட்டும் ஆக்சஸரீஸிலும், 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று எழுதுகிற தொகையிலும்தான். இதற்குக் காரைக்கால் வரை போக வேண்டாம். மதுரையில் ஒரு கொட்டேஷன் வாங்கி வந்து ராமநாதபுரம் ஷோரூமில் மேஜை மேல் வையுங்கள். ஒவ்வொரு தொகையும் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர முடியாத தொகை பெரும்பாலும் அங்கேயே குறைந்துவிடும்.

நிஜமான விலை எல்லை 350 சிசியில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. இன்சூரன்ஸும் அப்படித்தான். புது பைக்குக்கு 5 வருடத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு வரும் பாதிப்புக்கானது, கட்டாயம். 2022-ல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117. ஷோரூமில் 'இன்னும் கொஞ்சம் போட்டால் 450 சிசி' என்று இழுப்பார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த வகையிலேயே நில்லுங்கள்.

இனி வாரண்டி. அதைத் தருவது தயாரிப்பாளர். டீலர் அந்தக் கம்பெனியின் சார்பாக வேலை செய்பவர். அதனால் எந்த ஊரில் வாங்கினாலும், அந்தக் கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் வாரண்டி செல்லும், ஃப்ரீ சர்வீஸும் செய்வார்கள். ஃப்ரீ என்பது கூலிக்கு மட்டும், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. ஆனாலும் நடைமுறையில், தான் விற்ற வண்டிக்கு டீலர் காட்டுகிற அக்கறை வேறு. உதிரி பாகம் வரவில்லை, கம்பெனி அனுமதி வரவில்லை என்று இழுக்கும்போது, வண்டியை விற்ற மேனேஜரை நேரில் போய்க் கேட்கிற வசதிக்கு விலை உண்டு. அதற்காகவே ராமநாதபுரத்தில் வாங்கச் சொல்கிறேன், இரண்டாயிரம் மூவாயிரம் கூட ஆனாலும் பரவாயில்லை.

வாரண்டி புத்தகத்தில் 'எவற்றுக்குப் பொருந்தாது' என்ற பக்கத்தை, பணம் கட்டுவதற்கு முன் ஷோரூமிலேயே உட்கார்ந்து படியுங்கள். துரு அதில் இருக்கும். பாம்பன் பாலத்தில் தினம் போய்வருகிற வண்டிக்கு இது பெரிய விஷயம். வாடைக்காற்று நாட்களில் உப்பு நீர் தூறலாக வந்து செயினிலும், டிஸ்க்கிலும், சைலன்சர் இணைப்பிலும் படியும். அதனால் வருகிற துருவுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது, நல்ல தண்ணீரில் கழுவி செயினுக்கு ஆயில் விடுவது உங்கள் வேலை. தொழிலுக்குப் பயன்படுத்தினால் வாரண்டி இல்லை என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்எல் பஞ்சராகிக் கிடக்கிறதே என்று ஒருநாள்கூட மீன் பெட்டியைப் புது பைக்கில் கட்டாதீர்கள். பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் பின்சக்கர போல்ட்டுகளில் விட்டுப்போகிற கறையைப் பார்த்தே மெக்கானிக் சொல்லிவிடுவார்.

முதல் சர்வீஸுக்கு நாள், கிலோமீட்டர் இரண்டு கணக்கும் உண்டு, எது முன்னால் வருகிறதோ அதுதான் கெடு. அதைத் தவறவிட்டால் பின்னால் வாரண்டி கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில், அதாவது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது எழுதும் சீட்டில், உங்கள் புகார் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். 'காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜினில் சத்தம்' என்று நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே கோளாறு மூன்று தடவை வந்தால் மூன்று ஜாப் கார்டு கையில் இருக்கும். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

காரைக்கால் மிச்சத்தைவிடக் கடனில்தான் உங்களுக்கு அதிகப் பணம் போகும், கவனமாகக் கேளுங்கள். வரி, இன்சூரன்ஸ் சேர்த்தால் வண்டி 2.4 லட்சத்தை நெருங்கும். 1.5 லட்சம் கடன், 3 வருடம் என்று வைப்போம். வங்கியில் குறையும் இருப்பு முறையில், அதாவது கட்டக் கட்ட மீதியுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில், 10 சதவீதம் கிடைத்தால் மாதம் 4,840 ரூபாய், மொத்த வட்டி சுமார் 24,250. ஷோரூம் மேஜையில் 'ஃபிளாட் 9 சதவீதம்தான் சார்' என்பார்கள். 9 என்பது 10-ஐவிடக் குறைவாகக் காதில் விழும், ஆனால் ஃபிளாட் என்றால் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி. கணக்குப் போட்டால் வட்டி 40,500 ரூபாய், உண்மையான வட்டி விகிதம் 16 சதவீதத்துக்கும் மேல். இந்த ஒரு கையெழுத்தில் 16,000 ரூபாய்க்கு மேல் போகிறது. முதலில் உங்கள் கணக்கு இருக்கிற வங்கிக்குப் போய் அனுமதிக் கடிதத்தோடு ஷோரூமுக்குப் போங்கள்.

உங்கள் தொழிலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கரைக்கு வரும். உங்கள் கைக்கு வருகிற சரக்கும் குறையும், ஆனால் தவணை நிற்காது. ஒரு தவணை தவறினாலே அபராதமும் வரும், சிபில் ஸ்கோரிலும் அடி விழும். அதனால் வண்டி எடுத்த மாதத்திலிருந்தே சிறுகச் சேர்த்து, ஏப்ரல் முதல் வாரத்துக்குள் இரண்டு தவணைப் பணம், அதாவது 9,680 ரூபாய், தவணை பிடிக்கிற அதே கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.