உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்குச் செலவு குறைந்த செயின் ஆயில் எது?

வாசகர் கேள்வி: மண்டபத்தில் மீன் வியாபாரம் செய்கிறேன் ஐயா. விடியற்காலையில் பாம்பனில் மீன் எடுத்து, 100 சிசி வண்டியில் பெட்டி கட்டி, உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் வரை விற்றுத் திரும்புகிறேன். ஒரு நாளைக்கு 80, 90 கி.மீ. ஓடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செயின் செட் மாற்ற வேண்டியிருக்கிறது. ஸ்பிரே டப்பா 200 ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். மாதம் ஒன்று வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் வேஸ்ட் ஆயில் ஊற்றுகிறார்கள். படகு வேலை செய்பவர்கள் கிரீஸ் தடவச் சொல்கிறார்கள். வீட்டில் தேங்காய் எண்ணெய் போதாதா என்கிறார்கள். குறைந்த செலவில் எதைப் போடுவது?

பதில்: 90 கிரேடு கியர் ஆயில். லாரி, டிராக்டர் உதிரிபாகக் கடை எதிலும் கிடைக்கும். ஒரு லிட்டர் வாங்கினால் உங்கள் ஓட்டத்துக்கு ஓர் ஆண்டு வரும். ஆனால் ஆயிலை மட்டும் மாற்றினால் உங்கள் செயின் பிழைக்காது. செயினில் படியும் உப்பை முதலில் எடுக்க வேண்டும். எடுக்காமல் மேலே எந்த எண்ணெயை ஊற்றினாலும், அது 20 ரூபாய் எண்ணெயோ 500 ரூபாய் எண்ணெயோ, உப்பை உள்ளே வைத்து மூடும் வேலையைத்தான் செய்யும்.

முதலில் செயின் எங்கே தேய்கிறது என்று பாருங்கள். ‘செயின் நீண்டுவிட்டது’ என்று சொல்கிறோம், தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி புஷ் என்னும் சிறு குழல், புஷ்ஷின் மேல் உருளும் ரோலர். பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. உங்கள் வண்டிச் செயினில் 110 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணிக்கு 0.1 மி.மீ. தேய்ந்தால் போதும், மொத்தச் செயின் 11 மி.மீ. நீண்டுவிடும். அந்தக் குறுகிய இடுக்குக்குள் போய்ச் சேரும் எண்ணெய்தான் செயினுக்கு உதவும் எண்ணெய். வெளியே பளபளவென்று நிற்பது துருவை ஓரளவு தடுக்கும், தேய்மானத்தைத் தடுக்காது. கண்ணிகளின் இடுக்கிலிருந்து சிவப்புப் பொடி உதிர்கிறதா என்று கவனியுங்கள். உதிர்ந்தால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள். அந்தத் துருப்பொடி உலோகத்தை மெருகேற்றப் பயன்படும் பொடியின் இனம். உள்ளே கிடந்து பின்னை அரைத்துக்கொண்டே இருக்கும்.

இனி உப்பு. உங்கள் கரையில் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்குப் பாம்பனில் தினமும் பார்க்கும் பாலமே சாட்சி. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் துருவோடு போராடியே ஒரு நூற்றாண்டைக் கடந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டதற்கு இந்தக் காற்றே காரணம். அதே காற்றில்தான் உங்கள் செயினும் இரவு பகலாக நிற்கிறது.

பகலில் செயின் காய்ந்திருப்பதுபோலத் தெரியும். அதை நம்பக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும்; மழைக்காலத்தில் அடுப்பங்கரை உப்புச் சாடி கசிகிறதே, அதுதான். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு இன்னும் குறைவாக, 33 விழுக்காடே போதும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் இதையெல்லாம் எளிதில் தாண்டிவிடும். ஆக, மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த செயின் இரவில் நனைகிறது, பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. துருவுக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடையாது.

இந்த உப்பை மண்ணெண்ணெய் கரைக்காது. டீசல் கரைக்காது. ஸ்பிரே கிளீனரும் பெரும்பாலும் எண்ணெய்ப் பசையை எடுக்கத்தான். உப்பைக் கரைப்பது தண்ணீர் மட்டுமே. ‘செயினில் தண்ணீர் படவே கூடாது’ என்று மதுரையில் ஒருவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். மண்டபத்தில் அந்த அறிவுரை செயினைக் கொல்லும்.

எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். ராமநாதபுரம் கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவினால் ஓர் உப்பை எடுத்து இன்னோர் உப்பை வைக்கிறோம். ஆர்.ஓ. பிளாண்டில் கழித்து வெளியே விடும் தண்ணீரைச் சிலர் வண்டி கழுவப் பிடித்து வருகிறார்கள். அது அந்தப் போர் தண்ணீரைவிடவும் உப்பு மிகுந்தது, அதைத் தொடவே வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீரில் இரண்டு செம்பு போதும். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்ற மனம் வராது என்பது எனக்குத் தெரியும். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. பக்கத்தில் ஏ.சி. இருக்கும் கடை இருந்தால் அதன் குழாயில் சொட்டும் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அழுத்தமாகப் பீய்ச்ச வேண்டாம். மெதுவாக ஊற்றி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, பழைய துணியால் துடைத்தால் போதும்.

உங்கள் வேலை நேரத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். வியாபாரம் முடிந்து நண்பகலில் வீடு திரும்பியதும் செம்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்திவிடுங்கள். ராமநாதபுரத்து வெயில் செயினை உலர்த்துவதோடு சூடாக்கியும் வைக்கும். மாலையில் அந்தச் சூடு ஆறுவதற்குள் ஆயில் போடுங்கள். சூடான இடுக்கில் ஆயில் இளகி வேகமாக இறங்கும். ஈரம் இருக்கும்போது மட்டும் போடாதீர்கள். உள்ளே நிற்கும் நீர் ஆயிலுக்கு இடம் கொடுக்காது.

போடும் முறையில்தான் பாதிப் பேர் ஆயிலை வீணாக்குகிறார்கள். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் வையுங்கள். என்ஜின் ஓடக் கூடாது. கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுழல விட்டு ஆயில் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. செயினுக்கும் ஸ்பிராக்கெட் பல்சக்கரத்துக்கும் நடுவே துணி சிக்கினால் விரலும் கூடவே போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தையல் மெஷினுக்கு விடுகிற நீண்ட மூக்கு ஆயில் கேன் அல்லது ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் எடுத்துக்கொள்ளுங்கள். செயினின் கீழ் வரிசையில், உள்பக்கமாக, அதாவது ஸ்பிராக்கெட் பல்லில் படியும் மேல்பக்கமாக, தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடுக்கில் இரு ஓரத்திலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். உள்பக்கம் விட்டால், வண்டி ஓடும்போது செயின் சுழலும் வேகமே ஆயிலை இடுக்கு வழியாக வெளிநோக்கித் தள்ளும். வெளிப்பக்கம் விட்டால் அதே வேகம் அதைப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் வேட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். 110 கண்ணிக்கு 220 சொட்டு, 10 மி.லி.க்குள் முடிந்துவிடும். இரவு முழுக்க ஊறட்டும். விடியற்காலை புறப்படும் முன் வெளியே நிற்கும் ஆயிலை அழுத்தித் துடைத்துவிடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது: மிஞ்சிய ஆயில் மணலைப் பிடிக்கும், டயரிலும் தெறிக்கும்.

வாரத்துக்கு இரண்டு முறை இப்படிச் செய்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆகும். கம்பெனியைப் பொறுத்து 300 முதல் 450 ரூபாய் வரை இருக்கும். மாதம் ஒரு ஸ்பிரே என்றால் ஆண்டுக்கு 2,400 ரூபாயைத் தாண்டும். கையேடுகளில் பெரும்பாலும் 500 கி.மீ.க்கு ஒரு முறை என்று போட்டிருக்கும். கடலோரத்தில், அதுவும் மீன் ஏற்றும் வண்டிக்கு, 300 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது மூன்று நான்கு நாள். மழையில் நனைந்தாலோ கடல் நீர் தெறித்தாலோ கணக்கைப் பார்க்காமல் அன்றே கழுவி ஆயில் போட வேண்டும். 80 அல்லது 90 கியர் ஆயில் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. வண்டிக் கம்பெனிகள் சில தங்கள் கையேட்டிலேயே செயினுக்கு இதைத்தான் எழுதியிருக்கின்றன. பல்சக்கரங்களுக்கு நடுவே நசுங்கியும் படலம் விடாமல் நிற்பதற்கென்று தயாரிக்கப்படும் எண்ணெய் அது. சீல் உடைக்காத டப்பாவாக வாங்குங்கள். திறந்த பேரலிலிருந்து அளந்து கொடுப்பது வேண்டாம்.

வேஸ்ட் ஆயில் இலவசம் என்பதால்தான் ஒர்க்‌ஷாப்பில் ஊற்றுகிறார்கள். என்ஜினுக்குள் தேய்ந்த உலோகத் துகள், கரி, எரிபொருள் எரிந்ததில் சேர்ந்த அமிலம் எல்லாம் அதில் இருக்கின்றன. தேய்மானத்தைக் குறைக்கப் போடுகிற பொருளிலேயே தேய்க்கும் பொருளைக் கலந்து போடுவது எதற்கு? அதோடு பழைய என்ஜின் ஆயில் தோலுக்குக் கேடு, நீங்களோ அதே கையால் மீன் எடுத்துக் கொடுக்கிறீர்கள். காசே செலவழிக்க முடியாத மாதம் என்றால் வேறு வழி இருக்கிறது. 100 சிசி வண்டிகள் பலவற்றுக்குச் சர்வீஸில் ஒரு லிட்டருக்குக் குறைவான என்ஜின் ஆயிலே பிடிக்கும். டப்பாவில் மிஞ்சும் புது ஆயிலை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வந்து அதைப் போடுங்கள். கியர் ஆயில் அளவுக்கு நிற்காது, சீக்கிரம் தெறித்துப் போகும். ஆனாலும் சுத்தமான எண்ணெய்.

கிரீஸ் பற்றிப் படகுக்காரர்கள் சொல்வது அவர்கள் வேலைக்குச் சரி. வின்ச்சிலும் கப்பியிலும் அது துருவைத் தடுக்கும். செயினில் அது இடுக்குக்குள் இறங்காமல் வெளியே அப்பிக்கொண்டு நிற்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சாலையில் மணல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிரீஸும் அந்த மணலும் சேர்ந்தால் ஸ்பிராக்கெட் பல்லைத் தேய்க்கும் அரைப்புப் பசை தயார். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். காற்றும் வெயிலும் பட்டால் பிசினாகிக் கண்ணிகளை இறுக்கும். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அடிக்கும் மெல்லிய ஸ்பிரேக்களும் ஈரத்தை விரட்டத்தான் ஏற்றவை, செயினில் தங்கி நிற்க அல்ல.

பசை ஏறிய செயினை மாதம் ஒரு முறை மண்ணெண்ணெயால் துலக்கலாம். மண்ணெண்ணெய் இப்போது எல்லோருக்கும் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் அதே கியர் ஆயிலைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் பழைய பசை இளகி வந்துவிடும். பெட்ரோலும் தின்னரும் கூடாது. வடியும் அழுக்கைத் தட்டில் பிடித்து ஒர்க்‌ஷாப்பின் கழிவு எண்ணெய்ப் பேரலில் ஊற்றுங்கள், கரை மணலில் கொட்ட வேண்டாம். மன்னார் வளைகுடாவில் அது போய்ச் சேரும் இடம் உங்கள் மீன் வளரும் இடம்தான்.

உங்கள் வண்டிக்கு முழுச் செயின் கவர் இருக்கும் என்று நினைக்கிறேன். மணலைத் தடுப்பதில் அது நல்லது. ஆனால் உள்ளே புகுந்த ஈரத்தையும் உப்பையும் வெளியே விடாது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் பார்ப்பதும் இல்லை. ரப்பர் மூடியைக் கழற்றி அந்தத் துளை வழியாகச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஆயில் விடலாம். கழுவுவதற்கு மட்டும் கவரின் கீழ்ப்பாதியை இறக்க வேண்டும். இரண்டு மூன்று போல்ட்தான், ஒரு ஸ்பானர் வாங்கி நீங்களே செய்யலாம். வாரத்தில் ஒரு நாளாவது இறக்கிக் கழுவுங்கள். உள்ளே தேங்கிய மணலையும் தட்டிக் கொட்டிவிடுங்கள்.

இதையெல்லாம்விட நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் மீன் பெட்டியை. ஐஸ் உருகி மீன் நீரோடு கலந்து வடிவது எங்கே விழுகிறது என்று ஒரு நாள் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் செயின் இடது பக்கம். பெட்டியின் இடது மூலை கசிந்தால் ராமநாதபுரம் போய்ச் சேரும் வரை செயினுக்கு உப்பு நீர் அபிஷேகம்தான். பெட்டியின் வடிகால் துளையில் ஒரு ரப்பர் குழாய் செருகி, டயரில் படாமல் பின்னால் தொங்கும் ஒரு சிறு கேனில் விழும்படி கட்டுங்கள். மற்ற மூலைகளின் கசிவை அடையுங்கள். ஐம்பது ரூபாயில் முடிகிற இந்த வேலை ஆயிலைவிட அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்களைப் போல நாள்தோறும் ஓடாமல், வாரக் கடைசியில் அரிச்சல்முனை வரை போய்வரும் 150 சிசி, 200 சிசி வண்டிக்காரர்களுக்கு ஒரு சொல். உங்கள் செயினில் தகடுகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர் வளையம் (ஓ-ரிங்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பின்னுக்கான கிரீஸை உள்ளேயே அடைத்துத் தந்திருக்கிறார்கள். அந்த வளையம் கெடாமல் காப்பதுதான் உங்கள் வேலை. பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அதைக் கெடுக்கும். கியர் ஆயில் இதற்கும் ஆகும். ஆடையில் தெறிக்கக் கூடாது என்றால், ‘ஓ-ரிங் செயினுக்கு ஏற்றது’ என்று எழுதிய ஸ்பிரே வாங்கலாம். ஓட்டம் குறைவு என்பதால் ஒரு டப்பா பல மாதம் வரும். கழுவாமல் அடிப்பதில் பயனில்லை என்பது இதற்கும் பொருந்தும்.

மீன் வண்டிக்காரரே, ஆறு மாதம் என்றால் உங்கள் செயின் 14,000 கி.மீ.யைத் தாண்டி ஓடியிருக்கும். பேணிய செயின் 20,000-ஐத் தாண்டுவது இயல்பு. இப்போது இருப்பது தேறுமா என்று பார்க்க, பின் ஸ்பிராக்கெட்டின் நடுப்பின்புறத்தில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லின் பாதி உயரத்துக்கு மேல் வெளியே தெரிந்தால் எந்த ஆயிலும் அதை மீட்காது. செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும். தொய்வு உங்கள் கையேட்டில் சொன்ன அளவில், பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ.க்குள், இருக்கட்டும். பெட்டியின் பாரம் ஏறும்போது செயின் மேலும் இறுகும் என்பதால் மிகவும் இழுத்துக் கட்டாதீர்கள். புதுச் செயின் போடும் அன்று, செயினின் இரு முனைகளை இணைக்கும் செயின் லாக்கின் கிளிப்பையும் பாருங்கள்: அது மேல் வரிசையில் நிற்கும்போது மூடிய முனை வண்டியின் முன்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே கழுவலையும் ஆயிலையும் தொடங்கிவிடுங்கள். உள்ளே துரு பிடித்தபின் தொடங்கினால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.