பால் குறைகிற மாதம்

கேள்வி: எனக்கு வயது 43. பாறசாலைப் பக்கம் வீடு. வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறார். அம்மா இறந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. உபவாசத்தைக் கூட்டினேன், வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்கும் போகிறேன். மற்ற நாளிலும் மூன்று மணி நேரத் தூக்கம்தான். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "உன்னிடம் மறைவான பாவம் ஏதோ இருக்கிறது" என்கிறார். கோயிலில் பாடகர் குழுவில் நிற்கும்போது நடிக்கிறேனோ என்று கூசுகிறது. பழையபடி ஆகும்வரை பாட்டிலிருந்து விலகிவிடட்டுமா?
- பெயர் வேண்டாம்

பதில்: அன்புச் சகோதரி, விலகாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

என் அப்பாவும் பால் வெட்டியவர்தான், குலசேகரம் பக்கம். விடிவதற்கு முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். தை மாதம் இலை உதிரும்போது சிரட்டையில் பால் பாதிகூட நிறையாது. நான் சிறுமி. "இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டினா வருமில்லியா அப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய் பட்டையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பழைய வெட்டு ஆறிய இடம் சில மரத்தில் வழவழவென்று இருக்கும். இது முண்டும் முடிச்சுமாக இருந்தது. "யாரோ அவசரப்பட்டு தடிவரைக்கும் கத்திய இறக்கியிருக்கான். இனி இந்த இடத்துல சரியா வெட்ட முடியாது" என்றார். உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

நீங்கள் செய்வது அதுதான். பால் குறைந்ததும் கத்தியை இறக்கிக்கொண்டே போகிறீர்கள். தாயைப் பறிகொடுத்த மனசு இலை உதிர்த்து நிற்கிறது. அந்த மரத்தைப் பட்டினி போட்டு, தூக்கத்தைப் பிடுங்கினால் அது என்ன தரும்?

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). சூரைச்செடியின் கீழே, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டுப் படுத்துவிட்டார். தூதன் வந்து அவரை எழுப்பிப் பிரசங்கம் பண்ணவில்லை, பாவத்தைத் தோண்டவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், திரும்பவும் படுத்தார். இரண்டாம் முறையும் சாப்பாடுதான். தேவன் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்.

அந்த அக்கா சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நின்ற நீதிமான் யோபுவிடம் அவருடைய சிநேகிதர்கள் சொன்னதும் அதுவேதான். கர்த்தர் அவர்கள்மேல் கோபப்பட்டார் என்று யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரமே சொல்கிறது. நம் மண்ணில் யோபுவுக்கு ஒரு தனிச் சம்பந்தமும் உண்டு. நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்குச் சொத்தும் கால்நடையும் நஷ்டப்பட்டு மனம் நொந்திருந்த நேரத்தில், திருவிதாங்கூர் படையில் இருந்த டச்சுத் தளபதி டிலனாய் எடுத்துச் சொன்னது யோபுவின் கதையைத்தான். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். அதற்குப் பிறகு துன்பம் தீரவில்லை, கூடியது. ஏறக்குறைய மூன்று வருடம் சிறையும் சித்திரவதையும். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் கத்தோலிக்க சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும் பரவாயில்லை, நட்டாலம் உங்களுக்கு பஸ் ஏறிப் போகிற தூரம்தான். ஒருநாள் போய் வாருங்கள். கஷ்டம் என்றாலே பாவத்தின் கூலி என்று அங்கே நின்றுகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

இனி பாட்டு. 88ஆம் சங்கீதத்தை எடுத்துத் தலைப்பைப் படியுங்கள். அது கோராகின் புத்திரருடையது. தேவாலயத்தில் பாடினவர்கள், அதாவது உங்கள் ஆட்கள். கடைசி வரி வரைக்கும் அதில் வெளிச்சம் வராது. அதையும் பாட்டு என்றே சபை வைத்துக்கொண்டது. வெறுமையோடு நின்று பாடுவது நடிப்பாக இருந்தால் அந்தச் சங்கீதம் வேதத்தில் இருக்காது. தொண்டை அடைத்தால் புத்தகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அந்தச் சரணத்தைப் பக்கத்தில் நிற்பவர் பாடட்டும்.

மனரம்மியம், அதாவது மனநிறைவு, எப்போது வரும் என்று கேட்பீர்கள். பவுல் காவலில் இருந்துதான் எழுதினார், "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று. கற்றுக்கொண்டேன் என்கிறார். அவருக்கே நாள் பிடித்திருக்கிறது.

தூக்கமின்மை இத்தனை மாதமாக இருப்பதால் ஒரு டாக்டரையும் பாருங்கள்; அது விசுவாசக் குறைவு ஆகாது. உபவாசத்தை நிறுத்துங்கள். காலையில் ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், அவ்வளவு போதும். வெள்ளிக்கிழமை இரவு ஜெபத்துக்கு இந்த மாதம் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த அக்கா காரணம் கேட்டால், தூங்கப் போகிறேன் என்றே சொல்லுங்கள்.